கொசுக்கடிக்கு வட்டமிட்டவர்

அந்த அம்மையாரின் முகத்தை நினைவுகூர முயலும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது அவருடைய இடக்கைதான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சின்னஞ்சிறு நீல வட்டங்கள் நிறைந்த கை. அவை பச்சை குத்தியவை அல்ல, பந்துமுனைப் பேனாவால் அவரே போட்டுக்கொண்டவை. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கொசுக்கடி தடித்திருக்கும். மாலை வழிபாட்டுக்கு வரும் பெண்கள் அதைக் கண்டு சிரிப்பார்கள்.

"என்னக்கா, வாசல்ல இடம் இல்லாம கையிலேயே கோலம் போட்டுட்டீங்களா?"

"கோலம் இல்லடி, ரிப்போட்டு. பதினொண்ணு. நீ வேணும்னா எண்ணிப் பாரு" என்று கையை நீட்டுவார்.

புக்கிட் தெங்காவில் மின்னணுச் சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் இருபத்தேழு ஆண்டுகள் பணிபுரிந்தவர். அதிகாலையில் எங்கள் தீவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடற்பாலத்தைக் கடந்து போவார். நாள் முழுவதும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன் அமர்ந்து, நகம் அளவே உள்ள மின்சுற்றுப் பலகைகளில் குறை தேடுவார். குறை கண்ட இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போடுவதுதான் அவர் வேலை. தரம் பார்க்கும் அந்தப் பிரிவின் ஆங்கிலச் சுருக்கப் பெயரையே ஒட்டவைத்து, எங்கள் சந்தில் அவரைக் கியூசி அக்கா என்றார்கள். இயற்பெயர் பலருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்றாலும் இங்கே அதை எழுத விரும்பவில்லை. அச்சில் தம் பெயரைக் கண்டால் அதிலும் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து வட்டமிடக்கூடியவர் அவர்.

வேலையை விட்டு வந்த பிறகும் அவர் சொற்களில் இரண்டு மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒன்று பாஸ், மற்றது ரிஜெக்ட். கோயில் சுண்டலுக்கும் அதுதான், புதிதாக வந்த நாதசுரக்காரருக்கும் அதுதான். ஆயினும் கேட்டவுடன் எதையும் சொல்லிவிடமாட்டார். தாமே உண்டு, தாமே கேட்டு, தாமே பட்டு அறிந்த பிறகே சொல்வார். பிறர் சொல்லக் கேட்டு ஒன்றை நல்லது என்று அவர் சொன்னதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. நானோ ஆன்றோர் சொன்னதை ஓதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த தொலைவு அது.

அவரை நான் அணுகி அறிந்தது, ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்தின் கோடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் திருப்பணி நடந்த ஆண்டில். மூலவரைப் பாலாலயத்தில், அதாவது முற்றத்தில் எழுப்பிய தகரக் கொட்டகையில், தற்காலிகமாக எழுந்தருளச் செய்திருந்தோம். மண்டபம் முழுவதும் சாரம் கட்டிக் கிடந்தது. குடமுழுக்குக்கு முன் நாற்பத்தெட்டு மாலைகள் இடைவிடாது பதிகம் ஓதுவதென்று வேண்டிக்கொண்டு, அதை வழிநடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மண்டபம் இல்லாத காரணத்தால் திறந்த முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். ஆறரை மணிக்குத் தொடங்குவோம். பகல் ஒடுங்கும் அந்த வேளையில் இறைவன் புகழ் பாட நாங்கள் முப்பது பேர் கூடினால், எங்களைச் சுவைக்க முந்நூறு கொசுக்கள் கூடின. தாளத்துக்குத் தட்ட வேண்டிய கைகள் காலையும் கழுத்தையும் தட்டிக்கொண்டிருந்தன.

மருந்துப் புகை அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். முதியவர்களும் குழந்தைகளும் அமரும் இடம், பிரசாதம் வைக்கும் இடம், வேண்டாம் என்று பெண்கள் மறுத்தார்கள். இயற்கையாகவே ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். அன்பர் ஒருவர் மறுநாளே ஆறு தொட்டிகளில், மலாயில் 'செரை வாங்கி' எனப்படும் வாசனைப் புல்லைக் கொண்டுவந்து முற்றத்தைச் சுற்றி வைத்தார். சமையலுக்கு இடும் எலுமிச்சைப் புல்லின் உறவு அது. இனிக் கொசு அண்டாது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். நானும் அன்றைய ஓதலின் முடிவில் அவருக்கு நன்றி கூறினேன்.

மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கே கியூசி அக்கா வந்துவிட்டார். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு, இடக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தார். இருபது நிமிடம் அசையவில்லை. கொசு உட்கார்ந்தால் ஓட்டவும் இல்லை. அது தன் வேலையை முடித்துப் பறந்த பிறகு பேனாவை எடுத்து அமைதியாக ஒரு வட்டம் போட்டார். அந்தப் பதினொரு வட்டங்கள் அன்று விழுந்தவைதாம்.

"செடி சும்மா நிக்குது ஐயா. கொசுவும் அது பக்கத்துல சும்மா உக்காந்திருக்கு. ரெண்டும் நல்ல ஃப்ரெண்டு."

"அப்படியானால் பயனில்லையா அம்மா?"

"இருங்க, இன்னும் முடியல."

புல்லில் நான்கைந்து தாள்களைப் பிடுங்கிக் கசக்கி, சாறு வரக் கையில் தேய்த்துக்கொண்டு மறுபடியும் அமர்ந்தார். இம்முறை அரை மணி நேரத்தில் இரண்டே வட்டங்கள். அதற்குமேல் ஐந்து நிமிடத்தில் மேலும் மூன்று. "கசக்குனா பாஸ். ஆனா அரை மணி நேரத்துக்குத்தான். நீங்க பாடுறது ஒரு மணி நேரம்லா. நடுவுல ஒருவாட்டி நிறுத்தி எல்லாரும் கசக்கிக்கணும்" என்றார். அன்று முதல் பதிகத்தின் நடுவே ஓர் இடைவெளி விட்டோம். முப்பது பேரும் புல்லைக் கசக்கும் ஒலியும் அந்த மணமும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

வேப்பிலையும் தேங்காய் நாரும் இட்ட புகைக்கு வேறு விதமான தீர்ப்புக் கிடைத்தது. புகைக்குள்ளேயே சென்று அமர்ந்து கண்ணீர் வழிய ஒரு மணி நேரம் இருந்தார். கையில் ஒரு வட்டம்கூட இல்லை. ஆயினும் எழுந்து வந்து, "ரிஜெக்ட்" என்றார்.

கோயில் தலைவருக்குக் கோபம் வந்தது. புகை அவருடைய யோசனை. "ஒரு கடிகூட இல்லன்னு நீங்களே சொல்றீங்க. பிறகு என்னக்கா ரிஜெக்ட்டு?"

"கொசு போயிருச்சு, சரி. ஆஸ்துமா இருக்கிற மூணு பேரும் போயிட்டாங்களே அண்ணே. நீங்க கொசுவத்தான் எண்ணுறீங்க. நான் ஆளையும் எண்ணுறேன்லா."

மூன்றாம் நாள் தம் வீட்டிலிருந்து நிற்கும் மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கழுத்தைத் தாழ்த்தி, காற்று எங்கள் முகத்தில் படாமல் பாயின் மேலாக, கால்களின் வரிசையைத் தடவிக்கொண்டு போகும்படி வைத்தார். கொசு முதலில் தேடுவது காலைத்தான் என்றும், எதிர்க்காற்றில் பறக்க அதற்குத் தெம்பு இல்லை என்றும் சொன்னார். வரிசையின் கடைசியில், காற்றுத் தேய்ந்து போகும் இடத்தில் அமர்ந்து பார்த்தபோது ஒரே ஒரு வட்டம் விழுந்தது. அவ்விடத்துக்கு இன்னொரு மின்விசிறியைக் கேட்டு வாங்கினார். எல்லாரும் நீளக்கைச் சட்டை உடுத்தி, வெளிர் நிறத் துணியால் காலை மூடி அமருங்கள் என்றார். ஆன்மிகக் கூட்டத்துக்கு அவர் இட்ட கட்டளைகளாக அவை இருந்தன. நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு முறை அவரிடம் கேட்டேன்: "இத்தனை கடி வாங்குகிறீர்களே, டெங்கிக் காய்ச்சல் வந்துவிட்டால்?"

"ஏற்கெனவே ஒருவாட்டி வந்துட்டுப் போயிருச்சு ஐயா" என்றார், விருந்தினர் ஒருவரைப் பற்றிச் சொல்வதைப் போல. இரண்டாம் முறை வந்தால் கொடியதாகக்கூடும் என்று பின்னர் ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். அந்த அம்மையாருக்கும் அது தெரிந்திருந்தது என்பதை அதற்கும் பின்னரே அறிந்தேன். தம் கையை அவர் நீட்டியதில் எனக்கு வியப்பைவிடக் கலக்கமே மிகுதி. ஆயினும் பிறர் கையை நீட்டச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய பொறுப்பில் ஓர் உயிர் இருந்தது. கறுப்பன் என்ற நாய். ஒரு காது பாதி மடங்கியது. கோயில் வாசலில் தானாக வந்து சேர்ந்தது. அம்மையார் குடியிருந்த அடுக்குமாடியில் நாய் வளர்க்க இடமில்லை. ஆகவே கோயில் முற்றமே அதன் வீடாயிற்று. காலையும் மாலையும் அவர் வந்து சோறும் தண்ணீரும் வைப்பார். தண்ணீர்ச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவாமல் நிரப்பமாட்டார். மின்விசிறி வந்த நாளிலிருந்து அதன் நேர் எதிரே படுத்துக்கொள்வது கறுப்பனின் உரிமையாகிவிட்டது. "அதுக்குப் புத்தி இருக்கு. காத்து எங்க வருதோ அங்க படுக்குது. நீங்கதான் மரத்தடியில போய் உக்காருறீங்க" என்று மற்றவர்களைக் கடிந்துகொள்வார்.

ஒருநாள் பசாரிலிருந்து ஒரு பெண் சிறு குப்பியொன்றை வாங்கி வந்தார். முழுக்க மூலிகை எண்ணெய், நாயின் கழுத்தில் இரண்டு சொட்டு விட்டால் கொசு நெருங்காது என்று கடைக்காரர் சொன்னாராம். கறுப்பனிடம் போன கையை அம்மையார் பிடித்துக்கொண்டார். குப்பியை வாங்கித் தம் கையில் ஒரு சொட்டு விட்டார். கால் மணி நேரத்தில் தோல் செந்நிறமாகி எரிந்தது.

"நான் கழுவிக்குவேன். அது நக்கும்லா. நக்குனா உள்ள போகும். மனுசனுக்கு வாசனையா இருக்கிறது எல்லாம் அதுக்கு நல்லதுன்னு யார் சொன்னா?"

"ஆனா இயற்கைன்னு போட்டிருக்கேக்கா!"

"இயற்கைன்னா? எட்டிக்காயும் இயற்கைதான். திங்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, ஏன் அவ்வளவு கடுமை என்று கேட்டேன். கறுப்பனுக்கு முன் ஒரு நாய் இருந்தது என்றார். தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்த காலம். வேப்பெண்ணெய் தடவினால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பித் தடவிவந்தாராம். நாய் இருமத் தொடங்கியது. இளைத்தது. கொசு கடித்துக் கடித்து அதன் நெஞ்சுக்குள் புழு வளர்ந்துவிட்டதென்று விலங்கு மருத்துவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது.

"பார்க்காம நம்பிட்டேன் ஐயா. கம்பெனியில ஒரு பலகையக்கூட அப்படி விடமாட்டேன். வீட்டுல விட்டுட்டேன்."

கறுப்பனுக்கு மாதந்தோறும் மருத்துவரிடம் வாங்கிய மாத்திரையைச் சோற்றுருண்டைக்குள் வைத்துக் கொடுப்பார். காற்றும் புல்லும் கடியைக் குறைக்கும், புழுவைத் தடுக்காது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அவருடைய சோதனைகள் எல்லாம் எங்கே தொடங்கின என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இத்தனை செய்தும் இருபதாம் மாலைக்குப் பிறகு கொசு மீண்டும் பெருகிற்று. பிற்பகல் தோறும் மழை. மின்விசிறியின் வரிசையைவிட்டு எழுந்தால் மொய்த்தன. சந்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு திங்கட்கிழமை, ஓதல் முடிந்ததும் தலைவர் எங்களை நிறுத்தினார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நாய் இருக்கிற இடத்துல கொசு இருக்கத்தான் செய்யும். அதோட தண்ணிச் சட்டி வேற அங்கயே கெடக்கு."

"காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தேய்ச்சுக் கழுவுறேன் அண்ணே. வந்து பாருங்க."

"பார்த்துக்கிட்டு இருக்க நேரமில்லக்கா. புள்ளைங்களுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழம வரைக்கும் டைம். அதுக்குள்ள கொறையலன்னா நாய் புடிக்கிற லாரிக்குப் போன் பண்ண வேண்டியதுதான்."

அந்த லாரியில் ஏறிய நாய் திரும்பி வந்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மையார் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?"

உயிர்கள் அனைத்திலும் ஒருவனே உறைகிறான் என்ற பொருள்படும் பாடலை அன்று மாலைதான் ஓதியிருந்தேன். ஆயினும் என் வாயில் வந்தது வேறு. "சந்நிதியின் தூய்மை முக்கியம் அம்மா" என்றேன். அவர் தலையசைத்தார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் முற்றத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு வெள்ளைக் கோப்பையும் கைவிளக்கும் அவர் கருவிகள். தேங்கிய நீரைக் கோப்பையில் மொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, புழு நெளிகிறதா என்று நோக்குவார். கொத்தனார்களின் வாளியைக் கவிழ்த்தார். தார்ப்பாயில் நீர் தங்கிய தொய்வை இழுத்துக் கட்டினார். பூச்சாடிகளைக் காலி செய்தார். தலைவரின் கார் நிற்கும் இடத்தில் கிடந்த பழைய டயரைக்கூட விடவில்லை. வாளியில் சிறிது புழு இருந்ததே தவிர, அத்தனை கொசுவுக்குப் போதுமான இருப்பிடம் எங்கும் அகப்படவில்லை. கறுப்பன் அவர் பின்னாலேயே நடந்தது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவர் என்னிடம் வந்தார். அவர் தயங்கி நின்று நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"ஐயா, எல்லா இடமும் பார்த்தாச்சு. கொட்டகைக்குப் பின்னால உங்க இடம் ஒண்ணுதான் பாக்கி. பார்க்கலாமா?"

என் இடம் என்று அவர் சொன்னது பாலாலயத்துக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்து. அங்கே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நாள்தோறும் அடியார்கள் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய்களில் பருப்பை எடுத்துச் சமையலுக்குக் கொடுத்த பிறகு சிரட்டைகள் மிஞ்சும். இறைவன் முன் உடைந்தவற்றைக் குப்பையில் எறிய எனக்கு மனம் வரவில்லை. அவற்றைச் சேர்த்துவைத்து, காய்ந்த பின் தூபக்காலில் கனலாக இட்டுச் சாம்பிராணி போட்டால் முற்றத்தில் கொசு அடங்கும் என்று எண்ணினேன். உட்புறம் நன்றாகக் காயட்டும் என்று ஒவ்வொன்றையும் வாய் மேல்நோக்கி இருக்க வரிசையாக அடுக்கினேன். யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தேன். எனக்கு மூட்டுவலி. நானும் இரண்டு வாரமாக அங்கே போகவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு சிரட்டையை அவர் எடுத்து வெள்ளைக் கோப்பையில் கவிழ்த்தார். மழைநீர். அதனுள் கணக்கற்ற சிறு உயிர்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. அடுத்ததைக் கவிழ்த்தார். அதிலும் அதுவே. மதில் வரை பார்வையை ஓட்டினேன். நானூறுக்குக் குறையாத சிரட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு குளமாக, நான் அடுக்கிய ஒழுங்கு குலையாமல் இருந்தன.

"ஜென்டிக்-ஜென்டிக்" என்று கொசுப்புழுவின் மலாய்ப் பெயரை மெதுவாகச் சொன்னார். "இதெல்லாம் எதுக்கு ஐயா சேர்த்து வச்சிருக்கீங்க?"

"தூபம் போட" என்றேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாத காரணத்தால், "கொசுவை விரட்ட" என்றேன்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொசுவ வெரட்டக் கொசுவ வளர்த்திருக்கோம் ஐயா!" என்றார். வளர்த்திருக்கோம் என்று தம்மையும் சேர்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க இடமாச்சேன்னு பார்க்காம விட்டுட்டேன். முதல் நாளே பார்த்திருக்கணும். அது என் தப்பு."

"தலைவரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா."

"நான் சொன்னா நாய்க்காகச் சொல்றேன்னுதான் நெனப்பாங்க. அதோட இத அடுக்குனது நான் இல்லையே ஐயா."

கோப்பையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவச் சென்றுவிட்டார்.

ஆறரை மணிக்குப் பாயில் வந்து அமர்ந்தேன். பிழை பொறுத்தருள வேண்டுகின்ற பாடல்களை எத்தனையோ ஆண்டுகளாக நெஞ்சுருகிப் பாடியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டதும் உண்டு. ஆயினும் பாடிய ஒரு வேளையிலாவது, இன்ன பிழை என்று என் பிழை ஒன்றைச் சுட்டி நினைத்ததில்லை என்பது அப்போது உறைத்தது. பிழை என்ற சொல் எனக்கு இனிய ஓசையாகவே இருந்து வந்திருக்கிறது. ஏட்டை மூடிவைத்தேன்.

"தொடங்கும் முன் ஒரு செய்தி" என்றேன். "கொசு நாயிடமிருந்து வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நான் சேர்த்துவைத்த தேங்காய்ச் சிரட்டைகளிலிருந்து வருகிறது. மழைநீர் தங்கும் வகையில் அடுக்கியவன் நான். தொடக்கூடாது என்று உங்களைத் தடுத்தவனும் நான். திங்கட்கிழமை என்னைக் கேட்டபோது, பார்க்காமலே நாயின் மேல் பழி போட உடன்பட்டேன்."

தலைவர் எழுந்து பின்புறம் சென்றார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஐயா, நீங்க போய் இப்படி... சரி, பரவால்லலா. சாமி காரியம்னு வச்சதுதானே."

"அப்போ கறுப்பன்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்.

"லாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்ற தலைவர் கியூசி அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு அண்ணே? மணி ஆச்சு, பாட்ட ஆரம்பிங்க" என்றார் அவர்.

நாற்பத்தெட்டு மாலைகளும் நிறைந்தன. கறுப்பன் குடமுழுக்கு நாளிலும் வாசலில் படுத்திருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அம்மையார் கெப்பாலா பத்தாஸ் ஊரில் தங்கை வீட்டோடு குடியேறினார். முற்றமுள்ள வீடு என்பதால் நாயையும் அழைத்துச் சென்றார் என்பதோடு அவரைப் பற்றிய செய்தி எனக்கு நின்றுபோயிற்று. ஆனால் அவரை நினைக்கும்போது நான் போய் நிற்கும் இடம், அந்த வியாழனுக்கு மறுநாள் காலை.

பொழுது புலரும் நேரத்தில் கோயிலுக்குப் போனேன். ஆட்களை வைத்துச் சிரட்டைகளை அகற்றிவிடலாம் என்பது என் எண்ணம். அவர் எனக்கு முன்பே வந்து, நீரை எல்லாம் வெயில் படும் காங்கிரீட்டுத் தரையில் கவிழ்த்து முடித்திருந்தார். இரண்டு முக்காலி, ஒரு வாளி, இரண்டு தேய்ப்பான்கள். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தண்ணிய ஊத்திட்டா போதாது ஐயா. கொசு முட்டை சிரட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கும். காய்ஞ்சாலும் சாகாது. அடுத்த மழைக்கு எந்திரிச்சு வரும். உள்பக்கம் சுத்தித் தேய்க்கணும். தேய்ச்சதக் கவுத்து வச்சிருங்க. சாமிக்கு ஒடச்சதுன்னு உங்களுக்கு மனசு வரலன்னா, பூச்செடி ஓரத்துல குப்புறப் பதிச்சு வரப்புக் கட்டிரலாம்."

உழவாரப் பணியின் பெருமையைப் பற்றி நான் பேசாத ஊர் இத்தீவில் இல்லை. கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அடியாரின் கையை வியந்து வியந்து பேசியிருக்கிறேன். பாலத்துக்கு அப்பால் செபராங் ஜெயாவில்கூட ஒரு முறை இரண்டு மணி நேரம் பேசினேன். என் கை ஒரு தேய்ப்பானைப் பிடித்தது அன்றுதான். முட்டியை மடக்கி முக்காலியில் அமர்ந்து முதல் சிரட்டையை எடுத்தேன். அவர் மூன்று முடிப்பதற்குள் நான் ஒன்றை முடித்தேன். சிறிது நேரத்தில் கைக்குப் பழக்கம் வந்தது. மனம் நிறைந்தது. என்னை அறியாமல் காலைப் பண் ஒன்று வாயில் எழுந்தது. தேய்ப்பதற்கும் பாடுவதற்கும் ஒரு தாளம் கூடி வந்ததாகவே எனக்குத் தோன்றியது. இறைவன் என் பிழையைப் பொறுத்துவிட்டான் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

அவர் கையை நீட்டி, நான் கழுவிக் கவிழ்த்திருந்த சிரட்டைகளில் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். அடுத்ததையும் எடுத்துத் திருப்பினார். பிறகு இரண்டையும் என் பக்கத்து வாளிக்குள் மறுபடியும் போட்டார்.

"பாடுறப்ப ஒரு பக்கத்த விட்டுடுறீங்க ஐயா" என்றார்.

நான் பாட்டை நிறுத்திவிட்டுத் தேய்த்தேன்.